புதூரிலிருந்து எந்தக் கடைத்தெருவுக்கு?

வீரகேரளம்புதூரில் ஊத்துமலை ஜமீன் அரண்மனை இருக்கிறது, நவநீதகிருஷ்ணன் கோயில் இருக்கிறது, தாலுகா அலுவலகம் இருக்கிறது. அனுமன் நதி சிற்றாற்றோடு சேருவதும் இங்கேதான். இருதாலய மருதப்பத் தேவர் காலத்தில், காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இந்த ஜமீனின் அவைப்புலவராக இருந்தார். இவ்வளவு பெருமை இருந்தும் பெரிய கடைத்தெரு மட்டும் புதூரில் வளரவில்லை. பட்டாவுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் சுரண்டைக்காரர் புதூருக்கு வருகிறார். துணிக்கும் மருந்துக்கும் புதூர்க்காரர் சுரண்டைக்குப் போகிறார். நெடுங்காலமாக இப்படித்தான் நடக்கிறது.

அதனால் தீபாவளி வந்தாலும், வீட்டில் கல்யாணம் வைத்தாலும், சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் பிள்ளைகள் லீவுக்கு வந்து இறங்கினாலும் முதலில் எழும் கேள்வி "எங்க போவோம்?" என்பதுதான். பெரும்பாலான வீடுகளில் யோசிக்காமலே வரும் பதில், "நெல்லைக்குப் போயிருவோம்." நெல்லைக்குப் போக வேண்டிய காரியங்கள் உண்டு. ஆனால் எல்லாக் காரியத்துக்கும் 45 கிலோமீட்டர் போய் 45 கிலோமீட்டர் திரும்ப வேண்டியதில்லை. வாங்கவும் சாப்பிடவும் சாயங்காலத்தைக் கழிக்கவும் நம்மைச் சுற்றி ஆறு இடங்கள் இருக்கின்றன. அவற்றில் எதற்கு எது என்று சொல்வதே இந்த வழிகாட்டி.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரை வைத்தும் விளம்பரத்தை வைத்தும் கடைத்தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். சுரண்டைக்கு முற்பகல். தென்காசிக்கு அந்தி. நெல்லை டவுனுக்கு மத்தியானம் மூன்று மணியிலிருந்து இரவு ஒன்பது. பிரானூருக்கு இரவு. நேரம் தவறிப் போனால் நல்ல கடைத்தெருவும் வெறிச்சென்று இருக்கும், இல்லையென்றால் கால் வைக்க இடமிருக்காது. அதோடு, போவதற்கு முன்பே திரும்பும் பேருந்தைப் பற்றி யோசித்துவிட வேண்டும். நம் ஊர்ச் சாயங்காலங்களின் நீளத்தைக் கடைசி பஸ்தான் தீர்மானிக்கிறது.

சுரண்டை: பக்கத்தில் இருப்பதாலேயே மதிப்புக் குறைந்த ஊர்

நாலைந்து கிலோமீட்டர்தான். பஸ் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடும். 2021இல் நகராட்சியான ஊர். சுற்றுவட்டார வேளாண் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே சந்தை. காய்கறி, விதை, உரம், பம்புசெட் சாமான், பள்ளிச் சீருடை, மருந்து, வீட்டுச் சாமான், மிக்சி ரிப்பேர் என்று வாரந்தோறும் தேவைப்படுபவை எல்லாமே இங்கே கிடைக்கும். இவற்றில் ஒன்றுக்காகத் தென்காசிக்குப் பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சுரண்டைக் கடைக்காரரிடம் ஒரு தனி வசதி உண்டு. அவருக்கு உங்களைத் தெரியும், உங்கள் அப்பாவைத் தெரியும். சீருடைச் சட்டை ஒரு சைஸ் சின்னதாகப் போய்விட்டால் பில்லைத் தேடாமலே மாற்றித் தருவார். வெளியூர்ப் பெரிய கடையில் அதற்கு வரிசையில் நின்று கவுண்டர் கவுண்டராக அலைய வேண்டும்.

நகையைப் பற்றி ஒரு தயக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. "சின்ன ஊர்க் கடையில தங்கம் சுத்தமா இருக்குமா?" என்று கேட்பார்கள். முன்பு அது நியாயமான பயம். இப்போது ஊரைப் பார்க்க வேண்டியதில்லை, முத்திரையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கத்தைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால், நகை எங்கே சோதிக்கப்பட்டது, அதன் தரம் என்ன என்ற விவரம் வரும். குறி சிறியதாக இருக்கும். கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேளுங்கள், தருவார்கள். மூன்றும் சரியாக இருந்தால் சுரண்டைத் தங்கமும் சென்னைத் தங்கமும் ஒன்றுதான். மாறுவது செய்கூலியும் சேதாரமும். அதைப் பேசிக் குறைக்கத் தெரிந்த ஊரில் வாங்குவதே லாபம். டிசைன் நிறையப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் நெல்லைக்குப் போகலாம்.

சுரண்டையில் இல்லாதது சாயங்காலம். காரியம் முடிந்த பிறகு குடும்பத்தோடு நடந்து சுற்றவும், உட்காரவும், வேடிக்கை பார்க்கவும் தோதான ஊர் இல்லை. காரியத்துக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்ப வேண்டிய ஊர் அது.

சுரண்டையைச் சொல்லும்போதே பாவூர்சத்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு மூட்டைக் கணக்கில் காய்கறி வேண்டும் என்றால் அங்கே உள்ள காமராஜர் தினசரிச் சந்தைக்குப் போங்கள். நம் வயல் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் கேரளத்துக்கு லாரி ஏறுகிற இடம் அது. ஓணத்துக்கு முந்திய நாட்களில் மட்டும் போகாதீர்கள். மலையாள நாட்டுத் தேவையால் காய் விலையும் பூ விலையும் ஏறிக் கிடக்கும். அந்த வாரத்தில் வீட்டில் விசேஷம் வைப்பவர்கள் பூவுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

தென்காசி: அந்திக்கு அலங்காரமான ஊர்

2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத் தலைநகர். ஆனால் அதன் கடைத்தெருவுக்கு வயது அதிகம். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியபோதே அதைச் சுற்றி ரத வீதிகளும் அமைந்துவிட்டன. கோயிலை நடுவில் வைத்து வீதிகளை அடுக்குவது பாண்டிய நாட்டு நகர்களின் வழக்கம். மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக இருப்பதும் அப்படித்தான். தென்காசியில் அந்த அளவு அடுக்கு இல்லை. அதுதான் அதன் வசதி. சன்னதித் தெருவில் தொடங்கி ரத வீதிகளைச் சுற்றி, கூலக்கடை பஜாருக்குள் நுழைந்து வெளியே வர ஒரு மணி நேரம் போதும். வயசான அத்தையையும் கூட்டிக்கொண்டு நடக்கலாம்.

ஆனியிலும் ஆடியிலும் இந்த நடைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஒன்பது நிலைக் கோபுரத்தின் வாசலில் புகுந்து அடிக்கும். உள்ளே நுழைகிறவரின் வேட்டியும் சேலையும் படபடக்கும். பூக்காரம்மா கூடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கட்டிக்கொண்டிருப்பார். நம் புதூருக்கும் அதே கணவாய்க் காற்றுதான் வருகிறது, ஆனால் சாரல் வழியிலேயே தீர்ந்துவிடும். தென்காசியில் காற்றும் சாரலும் சேர்ந்து கிடைக்கும். அதற்காகவே 20 கிலோமீட்டர் போகலாம்.

வாங்குவதற்கு என்றால், அன்றாடத் துணி, செருப்பு, பாத்திரம், பூசைச் சாமான், புத்தகம், செல்போன், கண்ணாடி ஆகியவற்றுக்குத் தென்காசி போதும். தீபாவளித் துணிக்கும் போதும் என்றுதான் சொல்வேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வேண்டிய ரகம் இங்கேயே இருக்கிறது, கூட்டமும் நெல்லையைவிடக் குறைவு. ஆனால் பட்டுக்குத் தென்காசியை நம்ப வேண்டாம். முகூர்த்தச் சேலை எடுக்கப் போனால் பத்துச் சேலை பார்த்ததும் ரகம் தீர்ந்துவிடும். பிறகு அரைமனசோடு ஒன்றை எடுப்போம், இல்லையென்றால் மறுநாள் நெல்லைக்கு வண்டி பிடிப்போம்.

செலவுக் கணக்கில் ஒன்றைப் பெண்கள் மறக்கக் கூடாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்து ஊர்களுக்கு ஓடும் டவுன் பஸ்ஸில் ஏறினால் அம்மாவும் பொண்ணும் செலவில்லாமல் போய் வரலாம். நெல்லைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் அந்தச் சலுகை கிடையாது. நாலு பெண்கள் உள்ள வீட்டில் இது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

பிரானூர்: சாப்பிட மட்டும்

தென்காசியிலிருந்து செங்கோட்டைச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் மர அறுவை மில்கள் வரும். அறுத்த மரத்தின் வாசம் மூக்கில் ஏறினால் பிரானூர் வந்துவிட்டது என்று அர்த்தம். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் "பார்டர்" என்ற பெயர் போகவில்லை. பார்டர் புரோட்டா என்று ஊரெல்லாம் சொல்வது இந்த இடத்தைத்தான். ரஹ்மத் கடையின் பெயர் சென்னைவரை தெரியும்.

இங்கே புரோட்டா சின்னது, மெல்லியது. கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார்கள். அந்தத் தட்டில்தான் அடுக்கு பிரியும். இலையில் விழும்போது உள்ளே இன்னும் ஆவி இருக்கும். சால்னாவை ஊற்றிக் கொஞ்சம் பொறுத்து, ஊறிய பிறகு பிய்க்க வேண்டும். கூடவே நாட்டுக்கோழி மிளகு வறுவல், வேண்டுமானால் காடை. நாட்டுக்கோழி வெந்து வர நேரம் எடுக்கும் கறி. அது கெட்டியாகத்தான் இருக்கும், பல்லுக்கு வேலை இருக்கும். பிராய்லர் மாதிரி உதிர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இங்கே ஏமாந்து போவார்.

விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவோடு இதை ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அது எண்ணெயில் பொரித்து மொறுமொறுப்பாக இருப்பது, இது கல்லில் வெந்து மெத்தென்று இருப்பது. எனக்குப் பார்டர்தான். இரண்டு அதிகமாகச் சாப்பிட்டாலும் இதில் நெஞ்சு கரிப்பதில்லை.

சீசன் சனி, ஞாயிறு இரவுகளில் பிரானூரைத் தவிர்த்துவிடுங்கள். குற்றாலத்தில் குளித்து இறங்கும் கூட்டமும் கேரளத்துக் கார்களும் சேர்ந்து அங்கே நிற்கும். குழந்தைகள் பசியில் அழுது ஓய்ந்துவிடும். வார நாள் என்றால் ஏழு மணிக்குள் போய் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். சைவக்காரர் உங்களோடு இருந்தால் பிரானூர் வேண்டாம், தென்காசியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஒருவர் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர்கள் கோழி தின்பது நல்ல சாப்பாடு ஆகாது.

குற்றாலம்: சீசனில் ஒரு ஊர், சீசன் முடிந்தால் வேறு ஊர்

ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் குற்றாலத்தில் பகலைவிட இரவுதான் அழகு. விளக்கு வெளிச்சத்தில் பேரருவி வெள்ளையாகக் கொட்டும். ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு ஆயிரம் பேர் தெருவில் நடந்துகொண்டிருப்பார்கள். சுடச்சுட பஜ்ஜி, மிளகாய்த் தூள் தூவிய மாங்காய்க் கீற்று, வேக வைத்த சோளம், இஞ்சி டீ எல்லாம் கிடைக்கும். பெருநகரங்களில் இரவு வாழ்க்கை என்று சொல்லிக்கொள்வதற்கு நம் பக்கத்து உருவம் இதுதான். அங்கே மூடிய கதவுக்குள் பணம் உள்ளவருக்கு மட்டும் நடப்பது, இங்கே திறந்த வெளியில், குளித்த உடம்போடு, காசில்லாதவருக்கும் நடக்கிறது. மாவட்டத்துக்கே இது ஒரு கொடை என்று நான் நினைக்கிறேன்.

வாங்குவதில் கவனம் வேண்டும். பருவத்தில் கிடைக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் ஆகியவை இந்த மலைப் பழங்கள். வேறு இடத்தில் இவ்வளவு புதிதாகக் கிடைப்பது அரிது. அவற்றைத் தயங்காமல் வாங்குங்கள். மங்குஸ்தானை வாங்கும்போது ஓட்டை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்லது, கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். நேந்திரங்காய்ச் சிப்ஸ் கண் முன்னால் எண்ணெயில் போட்டு எடுப்பதாக இருந்தால் வாங்கலாம். அல்வா, பேரீச்சை, மிளகு, ஏலக்காய் எல்லாம் சுற்றுலாக்காரருக்கு வைக்கும் விலை. நாம் உள்ளூர்க்காரர், அவற்றைத் தென்காசியிலோ நெல்லையிலோ வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் பேரருவிக் கூட்டத்தில் முண்டாமல், 5 கிலோமீட்டர் தள்ளி ஐந்தருவிப் பக்கம் போகலாம். அங்கே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது, வெண்ணமடைக் குளத்தில் படகுத் துறையும் இருக்கிறது. அருவியில் வெள்ளம் ஏறினால் உடனே தடை போடுவார்கள். அந்த விசில் சத்தம் கேட்டதும் வெளியே வந்துவிட வேண்டும். மலையில் எங்கோ பெய்த மழை நமக்குத் தெரியாமலே நிமிஷத்தில் இறங்கிவிடும். குடித்துவிட்டு யாரும் தண்ணீருக்குள் போக வேண்டாம், கூட வந்தவர்களையும் போக விடாதீர்கள்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வந்து குளிக்கும்போது குற்றாலம் மறுபடி விழிக்கும். மற்ற மாதங்களில் அருவி நூலாகத் தொங்கும், கடைகளும் பாதி சாத்திக் கிடக்கும். அப்போது கடைத்தெருவுக்காகப் போகாதீர்கள். சித்திர சபையின் சுவரோவியங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த அமைதியான மாதங்களே நல்லது.

நெல்லை டவுன்: கல்யாணத்துக்கும் பட்டுக்கும்

வெளியூர்ப் பிள்ளைகள் செய்யும் ஒரு காரியம், பஸ்ஸில் நேராகப் புதிய பேருந்து நிலையம்வரை போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் டவுனுக்குத் திரும்பி வருவது. தென்காசிச் சாலை பேட்டை வழியாக டவுனுக்குள்தான் நுழைகிறது. நடத்துநரிடம் முன்பே சொல்லி டவுனிலேயே இறங்குங்கள். ரயிலை விரும்புகிறவர்கள் பாவூர்சத்திரத்தில் ஏறினால் திருநெல்வேலி டவுன் நிலையத்தில் இறங்கலாம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று சுற்றித்தான் போகும், ஆனால் பெரியவர்களுக்கு இடுப்பு வலிக்காது.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளும், அவற்றிலிருந்து பிரியும் சந்துகளும் தென்மாவட்டங்களின் கல்யாணச் சந்தை. ஆர்.எம்.கே.வி. 1924இல் இந்த டவுனில் தொடங்கிய கடை. இப்போது வண்ணார்பேட்டையில் பெரிய கட்டடத்தில் இருக்கிறது. 1923இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கிய போத்தீஸும் இங்கே கடை வைத்திருக்கிறது. முகூர்த்தப் பட்டுக்கு இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்வது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. சேலையில் சில்க் மார்க் அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் உள்ள முத்திரை அது, பட்டு அசல் என்பதற்குச் சான்று. அது சரிகைக்குச் சான்று அல்ல. சரிகை அசலா, கலப்பா என்று வாய்விட்டுக் கேட்டு, அதைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். குழல் விளக்கின் கீழ் ஒரு நிறமும் பகல் வெளிச்சத்தில் ஒரு நிறமும் தெரியும். எடுத்த சேலையை வாசல்வரை கொண்டுபோய்ப் பார்க்கக் கேட்டால் நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் மத்தியானமே போங்கள் என்கிறேன். ஆறு மணிக்கு மேல் பகல் வெளிச்சம் இருக்காது.

ஜவுளிக்கடையில் இன்னொன்றையும் பாருங்கள். சேலையை விரித்துப் போடும் பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா? கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்குப் போராடி, 2018இல் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. கடை ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது இப்போது சட்டம். சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளில் நின்று கால் வீங்கியவர்களில் எத்தனையோ பேர் நம் தென்மாவட்டப் பிள்ளைகள். வசந்தபாலன் 2010இல் எடுத்த 'அங்காடித் தெரு' அவர்கள் கதைதான். நம் வீட்டுப் பெண் அப்படி ஒரு கடையில் நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? ஸ்டூல் இருக்கும் கடையில் வாங்குங்கள். இல்லாத கடையில் மேலாளரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு வாடிக்கையாளர் கேட்டால் ஐந்தாம் நாள் ஸ்டூல் வந்துவிடும்.

சாயங்காலம் கீழ ரத வீதிக்கு வாருங்கள். இருட்டுக்கடை 1900 வாக்கில் தொடங்கியது, மாலையில்தான் திறக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். கடை திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும். ஐம்பது கிராமோ நூறு கிராமோ சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, பிறகு வீட்டுக்குக் கட்டச் சொல்லுங்கள். சம்பா கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்தச் சூடு ஆறிய அல்வாவில் கிடைக்காது. வரிசையில் நிற்க முடியாதவர்கள் ஜங்ஷனில் சாந்தி ஸ்வீட்ஸில் வாங்கலாம். ரசித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும், ஆனால் ஊருக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைப்பதற்கு அது குறைவே இல்லை. சொதி தேடி ஓட்டல் ஓட்டலாக அலையாதீர்கள். அது கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வீட்டார் கையால் சாப்பிட வேண்டியது.

கல்யாணச் சாமான் பட்டியலில் பத்தமடைப் பாயை விட்டுவிடாதீர்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது. பட்டுப்பாயில் மணமகன், மணமகள் பெயரையே நெய்து தருவார்கள். 2013 முதல் புவிசார் குறியீடு உள்ள பொருள். பெயர் நெய்ய நாள் பிடிக்கும், அதனால் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும்போதே பாய்க்கும் சொல்லிவிடுங்கள். டவுன் கடையில் கிடைப்பதைவிட நேரே பத்தமடைக்குப் போய்ச் சொல்வது மேல். நெய்கிற பெண்களுக்கு நேரடியாகக் காசு சேரும்.

ஆனித் திருவிழா நாட்களில் டவுனுக்குக் கடை காரியமாகப் போக வேண்டாம். தேர் ஓடும் வீதியில் கார் நுழையாது, கடைக்காரருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது. தேர் பார்க்கவும், பொருட்காட்சித் திடலில் பிள்ளைகளை ராட்டினம் ஏற்றவும் என்றால் அந்த நாட்களே நாள்.

சங்கரன்கோவில்

30 கிலோமீட்டருக்கு மேல், வடகிழக்கே. சுல்தான் பிரியாணிக்காக மட்டுமே போகிறவர்கள் உண்டு, அவர்களை நான் தடுக்க மாட்டேன். மட்டன் பிரியாணி மத்தியானத்துக்கு உரியது, இரவுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். விசைத்தறி ஊர் என்பதால் வீட்டில் கட்டும் பருத்திச் சேலைகள் மலிவாகவும் உழைப்பாகவும் கிடைக்கும். அம்மாவுக்கும் ஆச்சிக்கும் நாலு சேலை எடுக்கச் சரியான இடம். கோமதி அம்மனின் ஆடித் தபசு நாட்களில் ஊர் முழுவதும் திருவிழாக் கடைகள்தான். அதைக் கடைத்தெரு என்று எண்ணிப் போகாமல் திருவிழா என்று எண்ணிப் போனால் மனசு நிறையும்.

இனி என் முடிவு. மாதச் சாமானுக்கும் நகைக்கும் சுரண்டை. தீபாவளித் துணிக்குத் தென்காசி, அதுவும் போனஸ் வாரத்துக்கு முந்திய வாரம், ஞாயிறு அல்லாத நாள். லீவுக்கு வந்த பிள்ளைகளோடு ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால், நாலு மணிக்கு ஐந்தருவி, ஆறரைக்குத் தென்காசிக் கோபுரவாசல், எட்டுக்குப் பிரானூர். இதற்கு வாடகைக் கார் வேண்டும், ஆனால் அந்தச் செலவு வீண் இல்லை. கல்யாணத்துக்கு நெல்லை டவுன், ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று நம்பாமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பட்டு, இரண்டாம் நாள் பாத்திரமும் மற்றதும்.

10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் ஆணையிட்டு, 2022இல் அதை நீட்டித்தது. ஆனாலும் நம் பக்கத்தில் ஒன்பது, ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கிவிடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. பஸ்ஸைப் பிடிக்க வாடிக்கையாளர் எட்டரைக்கே கிளம்பிவிட்டால் அவர் யாருக்காகத் திறந்து வைப்பார்? கார் உள்ளவருக்குச் சாயங்காலம் பதினொரு மணிவரை நீள்கிறது, இல்லாதவருக்கு எட்டரையோடு முடிகிறது. அருவியும் கோபுரக் காற்றும் எல்லாருக்கும் பொது என்றால் திரும்பி வரும் வழியும் பொதுவாக இருக்க வேண்டும்.

எனவே போக்குவரத்துக் கழகத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆனி முதல் ஆவணி வரையிலும், தீபாவளிக்கு முந்திய பத்து நாளும், தென்காசியிலிருந்து சுரண்டை, வீரகேரளம்புதூர் வழியாக இரவு பத்தரை மணிக்கு ஒரு கூடுதல் பேருந்து விடுங்கள். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தாகவே விடுங்கள்.